தேவகிக்கு, புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. அவருக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. காலையில் காந்தி சிலை வரை நடந்துவிட்டு வருகிறார்.

நீ எழுதியதில் ஒரு வரிதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ராத்திரியில் மறுபடி மறுபடி துணி மாற்றும்போது படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவிடம் கத்திவிட்டேன், எனக்குக் கருணையே இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

விநயபிடகத்தின் மகாவக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிக்குகளுக்கு, அதாவது புத்தத் துறவிகளுக்கு, விதிகளைச் சொல்லும் பகுதி அது. அதில் ஒரு பிக்கு வயிற்றுப்போக்கில் தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கம் வருகிறார்கள். ஏன் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்க, “என்னால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை” என்கிறார் அவர். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். அப்புறம் ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு மற்றவர்களைக் கூட்டி, என்னைப் பேண விரும்புகிறவர் நோயாளியைப் பேணட்டும் என்கிறார் புத்தர்.

அதே இடத்தில் பின்னால் வருவதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவருக்கு ஐந்து குணம் வேண்டுமாம். மருந்து தயாரித்துக் கொடுக்கத் தெரியவேண்டும். உடம்புக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரியவேண்டும். ஆதாயம் பார்க்காமல் அன்போடு செய்யவேண்டும். மலம், மூத்திரம், வாந்திக்கு அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல வார்த்தை சொல்லி மனதைத் தேற்றவேண்டும். அன்பு மூன்றாவதாக வருவதைப் பார். அதற்கு முன்னால் நிற்கிற இரண்டும் அறிவு. சர்க்கரை உள்ள அம்மாவுக்குக் கேசரி கொண்டுவந்து ஊட்டுகிற உன் சித்திக்குப் பாசத்தில் குறைவே இல்லை. ஆனால் அலாரம் வைத்து எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பவள் நீ. இத்தனை காலம் படுத்திருந்தும் முதுகில் ஒரு படுக்கைப்புண் இல்லையே, அது யார் செய்தது?

நோயாளியைப் பற்றியும் அங்கேயே பேச்சு வருகிறது. தனக்கு நல்லதைச் செய்யாதவர், அளவு தெரியாதவர், மருந்து சாப்பிடாதவர், நோவை உள்ளபடி சொல்லாதவர், வலியைப் பொறுக்காதவர், இவர்களைப் பார்த்துக்கொள்வது கடினம் என்று புத்தரே சொல்லியிருக்கிறார். அம்மா மாத்திரையைத் துப்பிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று சாதிக்கும்போது இதை நினைத்துக்கொள். உனக்குக் கஷ்டமாக இருப்பது உன் மனக் குறை இல்லை, வேலையே கஷ்டமானது.

இன்னொன்று. அந்தப் பிக்குவைப் புத்தரே தனியாகத் தூக்கவில்லை. குரு, சீடர் என்று பார்க்க ஒருவரும் இல்லாவிட்டால் சங்கம் முழுவதும் பொறுப்பு என்று விதியே வைத்தார். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் பெருகி உன் தெருவுக்குள் வந்தபோது அம்மாவைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கினது பக்கத்து வீட்டுப் பையன்கள்தானே? அன்றைக்கு நீ கூப்பிடத் தயங்கவில்லை. இப்போது மட்டும் என்ன தயக்கம்? உன் தம்பி சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை போனில் விசாரிப்பது போதாது. மாதத்தில் சில நாள் வந்து இருக்கச் சொல். கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால் நான் பேசுகிறேன். உங்கள் பக்கம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கே வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணக் கவனிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு.

சனிக்கிழமை காலை நான் வருகிறேன். அன்று ராத்திரி அம்மா என் பொறுப்பு. நீ அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு. மாத்திரைச் சீட்டையும் டயப்பர் அளவையும் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, வரும்போது வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மல்லிகா