சுருட்டுக்கு ஓர் இரவுக் குளிர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுருட்டில் வண்டு விழுந்தால் ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று தங்கள் இணைப்பிதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. ஃப்ரீசர் என்பது சரி. ஓர் இரவு என்பது தவறு. சட்டென்று வைத்து, சட்டென்று எடுக்கலாம் என்ற தொனி அதைவிடத் தவறு. அந்தக் குறிப்பை நம்பிச் செய்தால் முட்டை பிழைத்துக்கொள்ளும், சுருட்டின் வெளிப்புறம் சுற்றிய மேலிலை வெடித்துவிடும்.

லேசியோடெர்மா செரிகார்னி என்ற இந்தப் புகையிலை வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். செம்பழுப்பு நிறம், கூன் முதுகு, கீழ்நோக்கி மடங்கிய தலை. வளர்ந்த வண்டு சில வாரங்களே வாழும். அதனால் பெரிய சேதமும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பெண் வண்டு இலை மடிப்புகளில் 100 முட்டை வரை இட்டுவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த முட்டைகள் கண்ணில் படாது. பொரித்து வரும் புழுதான் இலையைக் குடைந்து தின்கிறது. 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இதற்கு மிகவும் ஒத்துப்போகும். சுருட்டைப் பதமாக வைக்க நாம் பெட்டிக்குள் காக்கும் ஈரப்பதமும் 65 முதல் 70 சதவீதம்தானே! ஆகவே நம் கையில் இருக்கும் கடிவாளம் வெப்பநிலை ஒன்றுதான். 18 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி முடங்கிவிடும். முடங்குமே தவிர, முட்டை உடனே சாகாது. சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சந்தேகம் வந்தால் சுருட்டை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, பற்றவைக்கும் முனையை மெல்லத் தட்டிப் பாருங்கள். இலைத் துணுக்கு விழுந்தால் பயமில்லை. மாவு போல நைசான பழுப்புத் தூள் விழுந்தால் உள்ளே புழு இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது. மேலிலையில் குண்டூசியால் குத்தியது போல, ஓரம் பிசிறில்லாத வட்டத் துளை இருந்தால் உறுதி செய்துகொள்ளலாம். அதைக் கீறிப் பார்த்தால் வெண்மையான புழு வளைந்து படுத்திருக்கும். உடம்பு ரோமத்தில் புகையிலைத் தூள் அப்பியிருக்கும். ஒன்றில் கண்டால் அந்தப் பெட்டி முழுவதையும் உறைய வைக்க வேண்டும்.

செய்முறை இதுதான். சுருட்டுகளை ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். செலோஃபேன் உறை இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் புழு அதைத் துளைத்துவிடும் என்பதால் பைக்கு மாற்றாக அதை நம்ப முடியாது. ஈரப்பதம் தரும் பஞ்சு, ஜெல், பொட்டலம், அளவுமானி எதுவும் உள்ளே போகக் கூடாது. முதல் 24 மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரி அளவில் வையுங்கள். பிறகு ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரி என்றால் முழுதாக 3 நாள். மைனஸ் 18 என்றாலோ, மரப்பெட்டியோடு வைத்தாலோ ஒரு வாரம் விடுங்கள். மரமும் இறுகச் சுற்றிய இலையும் குளிரை எளிதில் உள்ளே விடாது. நடுவில் இருக்கும் சுருட்டின் மையம்வரை அந்தக் குளிர் இறங்கியாக வேண்டும். பிறகு மீண்டும் ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே அறையில் இன்னொரு 24 மணி நேரம். அதுவரை பையைத் திறக்கவே கூடாது.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பையைத் திறந்தால், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த மேலிலையில் நீராகப் படியும். மெல்லிய மேலிலை அந்த நீரைக் குடித்து உப்பும். உள்ளிலையோ இன்னும் விறைத்துச் சுருங்கிக் கிடக்கும். இந்த இழுபறியில்தான் மேலிலை நீளவாக்கில் பிளக்கிறது. பை மூடியிருந்தால் நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், அதைத் துணியால் துடைத்துவிடலாம். அதிக ஈரத்தில் ஊறிப்போன சுருட்டையும் நேரே உறைய வைக்காதீர்கள். 65 சதவீத அளவுக்கு இறக்கிய பிறகு வையுங்கள். பையில்லாமல் வைப்பதும் கெடுதல்தான், உறைபனி கட்டாத ஃப்ரீசரின் காற்று சுருட்டை உலர்த்திவிடும்.

ஒரு நாளுக்குப் பதில் வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு உறைய வைப்பதும் வேண்டாம். மிதமான குளிரில் பல நாள் பழகிய பூச்சிக்குக் கடுங்குளிரைத் தாங்கும் திறன் கூடிவிடும்.

சுருட்டு உறைந்துகொண்டிருக்கும் நாட்களில் காலிப் பெட்டியைக் கவனியுங்கள். தட்டுகளைக் கழற்றி, மூலை இடுக்குகளில் உள்ள தூளைத் தூரிகையாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்துவிட வேண்டும். பூச்சி மருந்தோ நாப்தலின் உருண்டையோ அருகில்கூட வரக் கூடாது. புகையிலை எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு அது போகாது. உறைய வைப்பது உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர, நாளை புதிதாக வருவதைத் தடுக்காது. ஆகவே புதிதாக வாங்கிய சுருட்டை இதே முறையில் உறைய வைத்த பிறகே பழையவற்றோடு சேர்க்க வேண்டும்.

துளை விழுந்த சுருட்டை எவ்வளவு உறைய வைத்தாலும் துளை அடையாது. அதன் வழியே காற்று நுழைந்து, சீராக எரியாது. அதைக் கழித்துவிடுவதே மேல்.

தங்கள் குறிப்பில் விடுபட்ட இன்னொரு விஷயமும் உண்டு. ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் மைனஸ் 18 வராது. ஃப்ரீசர் கதவில் உள்ள நட்சத்திரக் குறியைப் பார்க்க வேண்டும்: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால்தான் மைனஸ் 18. மின்சிக்கனத்துக்காக ஒட்டும் நட்சத்திரம் வேறு, இது வேறு. மூன்றுக்குக் குறைவான ஃப்ரீசரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், நாள் கணக்கோடு இந்த நட்சத்திரக் கணக்கையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுருட்டுச் சேமிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்