எட்டு பவுண்டுக்கு நின்று கேட்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறியதிலிருந்து, உங்கள் வாசகர் பக்கத்தில் சிம்பொனியைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஆசையோடு படிக்கிறேன். ஆனால் சென்ற இதழில் ஒரு வாசகர், இந்த மாதிரிக் கச்சேரிக்கெல்லாம் கோட்டும் சூட்டும் பெரிய பணமும் வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இசை படித்தவள் இல்லை. நோட்டேஷன் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பல ஆண்டுகளாகக் கோடை வந்தால் பிபிசி ப்ராம்ஸ் என்ற இசை விழாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை, ஏறக்குறைய எட்டு வாரம், ராயல் ஆல்பர்ட் ஹாலில் அநேகமாகத் தினமும் கச்சேரி. பெர்லின், வியன்னா என்று உலகின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் எல்லாம் வந்து வாசிக்கும் இடம் அது. அங்கே நான் ஒரு தடவைகூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மேடைக்கு நேர் முன்னால் உள்ள தரையில் நாற்காலியே போட மாட்டார்கள். அது நிற்பவர்களுக்கு. கூரைக்குக் கீழே இருக்கும் கேலரியும் அப்படியே. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர் நிற்கலாம். அண்மை ஆண்டுகளில் அதற்கு டிக்கெட் 8 பவுண்டுதான். கச்சேரி நடக்கும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு கொடுத்திருப்பார்கள். ஆனால் வயலின் வாசிப்பவரின் விரல் நடுங்குவதைப் பார்க்கக் கிடைப்பது நின்றுகொண்டிருக்கும் எங்களுக்குத்தான்.

இது பணம் இல்லாதவர்களுக்கு ஓரமாக ஒதுக்கிக்கொடுத்த இடமும் இல்லை. விழாவே இதற்காகத்தான் தொடங்கியது. 1895 ஆகஸ்ட் 10 அன்று லண்டனின் குவீன்ஸ் ஹாலில் ராபர்ட் நியூமன் முதல் கச்சேரியை ஏற்பாடு செய்தார். நின்று கேட்க ஒரு ஷில்லிங். உலாவிக்கொண்டும், தின்றுகொண்டும், புகைபிடித்துக்கொண்டும்கூடக் கேட்கலாம். முதலில் எளிதாகப் பிடிக்கிற பாட்டுகள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனமானவை என்று சாதாரண ஜனங்களைப் பழக்க வேண்டும் என்பது அவர் திட்டம். ஆர்க்கெஸ்ட்ராவை முன்னால் நின்று நடத்த அவர் பிடித்துவந்த ஹென்றி வுட்டுக்கு அப்போது 26 வயது. பணம் போட்டவர் ஜார்ஜ் கேத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். சுருதியைக் குறைத்தால்தான் பணம் என்று அவர் நிபந்தனை போட்டாராம். அப்போது இங்கிலாந்தில் ஆர்க்கெஸ்ட்ரா சுருதி மிகவும் உயரமாக இருந்தது, பாடகர்களின் தொண்டை கெடுகிறது என்பது அவர் கவலை. ஒரு மருத்துவர் பிடித்த பிடிவாதத்தில் சுருதி இறங்கியது என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

வுட் அதன்பின் 50 பருவங்கள் வரை, 1944-இல் சாகும்வரை, இதை விடவில்லை. 1913-இலேயே தன் ஆர்க்கெஸ்ட்ராவில் ஆறு பெண்களைச் சேர்த்தவர் அவர். 1914-இல் போர் மூண்டபோது ஜெர்மன் இசையை ஒதுக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தது; அவரும் நியூமனும் ஒதுக்கவில்லை. 1927-இல் பிபிசி விழாவை ஏற்றது. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டில் குவீன்ஸ் ஹால் எரிந்துபோன பிறகுதான் ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தார்கள்.

சரி, நின்றால் என்ன கிடைக்கும்? நான் முதல் தடவை கேட்டதைச் சொல்கிறேன். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. அன்று காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராகப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பாடகர் கூட்டம் வாயைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது. இவர்கள் எப்போதுதான் பாடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காவது பகுதியில் பெரிய ஆரவாரம் ஒன்று எழுந்து, அடங்கி, எல்லாம் நின்றுபோனது. அந்த அமைதியில் செல்லோ, டபுள் பேஸ் என்ற தாழ்ந்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியங்கள் மட்டும், வேறு எந்தத் துணையும் இல்லாமல், பிறகு பாடகர்கள் பாடப்போகும் மெட்டைத் தொடங்கின. எங்கேயோ தூரத்தில் யாரோ தனக்குத்தானே முனகுவது போல அவ்வளவு மெதுவாக. அப்புறம் வயோலாக்கள், பிறகு வயலின்கள், கடைசியில் எக்காளம் முரசு எல்லாம். ஒவ்வொரு அடுக்காக அது ஏறி வரும்போது என்னைச் சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. டபுள் பேஸ் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் வந்தது போல இருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

எங்கே கைதட்ட வேண்டும் என்று தெரியாதே என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் பலர் தட்டுகிறார்கள். நானும் தட்டியிருக்கிறேன். யாரும் முறைத்ததில்லை. பியானோவின் மூடியைத் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் "ஹீவ்" என்று கத்த, மேலே கேலரியில் இருப்பவர்கள் "ஹோ" என்று பதில் கொடுப்பார்கள். அவ்வளவு கலகலப்பான கூட்டம் அது. ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் தன் கோலைத் தூக்கிவிட்டால் ஐயாயிரம் பேர் கொள்ளும் அந்த அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

தொலைக்காட்சியில் பலர் பார்ப்பது கடைசி இரவைத்தான், கொடிகளை ஆட்டிக்கொண்டு பாடுவதை. அதை மட்டும் பார்த்தவர்கள் இது ஆங்கிலேயர்கள் தங்களைக் கொண்டாடும் விழா என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1968 ஆகஸ்ட் 21 அன்று இதே மேடையில் நடந்ததை அல்லவா சொல்ல வேண்டும்! சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்த அதே நாள். அன்று இரவு வாசிக்க இருந்தது சோவியத் அரசு ஆர்க்கெஸ்ட்ரா. அதுவும் செக் நாட்டவரான ட்வோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஒரு செல்லோவை முன்னிறுத்தி ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் இசை. அரங்கில் எதிர்ப்புக் குரல்கள். சோவியத் நாட்டுச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச் கண்ணீரோடு வாசித்தார். முடித்ததும் ட்வோர்ஷாக்கின் இசைத்தாளை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். பேச முடியாத ஒருவர் அன்று அப்படித்தான் பேசினார்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். சிம்பொனி விழாக்களைப் பற்றி உங்கள் இதழில் எழுதும்போது, யார் நடத்தினார், எத்தனை கலைஞர்கள் என்பதோடு, டிக்கெட் விலையையும் எழுதுங்கள். நிற்கும் டிக்கெட் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன; இங்கே படிக்க வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அரை மணி, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இது நடப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

வர நினைப்பவர்களுக்கு: சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கி எக்ஸிபிஷன் ரோடு வழியாக நடங்கள், கால் மணி நேரம் ஆகும். வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கோட்டு வேண்டாம், உள்ளே புழுக்கமாக இருக்கும். தட்டையான செருப்பு போதும். இடைவேளையில் தரையில் உட்காரலாம், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்