உள்ளான் படத்துக்குப் பதில்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய உள்ளான் பறவைப் படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். கண், அலகு, வரப்புப் புல்லில் இருக்கிற பனி வரைக்கும் தெளிவாக வந்திருக்கிறது, ஃபிரேம் போட்டு மாட்டணும் என்கிறாள் அம்மா. மாட்டட்டும். ஆனால் பாப்பா, நீ சொல்கிற மாதிரி அதை ஸ்வின்ஹோ உள்ளான் என்ற வகையாகப் பதிவு செய்ய நான் ஒத்துக்க மாட்டேன்.

மழைக்கு அப்புறம் நம்ம சம்பா வயலில் இறங்குகிற எல்லாமே ஊருக்கு உள்ளான்தான், அதில் தப்பில்லை, உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு ஒத்துப்போகும். பறந்தால்தான் கொஞ்சம் பிடி கிடைக்கும். விசிறிவால் உள்ளானுக்கு இறக்கையின் பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். ஊசிவால் உள்ளானுக்கு அது இல்லை என்றே சொல்லலாம், இறக்கையின் அடிப்பக்கமும் கருத்திருக்கும். ஸ்வின்ஹோவும் அச்சாக அப்படியே, சிக்கல் அங்கேதான். அந்த இரண்டையும் பிரிக்க வால் இறகு வேணும்: ஊசிவாலுக்கு 26 வாக்கில் இருக்கும், ஓரத்து இறகுகள் பேருக்கேற்ற ஒல்லி, ஸ்வின்ஹோவுக்கு 20, 22 என்று குறைவு, ஓர இறகு குறுகலாக இருந்தாலும் அந்த அளவுக்கு ஒல்லி கிடையாது. உன் படத்தில் வால் மூடிக் கிடக்கிறது. நிறத்தையும் முகக் கோட்டையும் வைத்து நீ சொல்லும் காரணமெல்லாம் ஊசிவாலுக்கும் பொருந்தும்.

அடுத்த தடவை வடுவூர்ப் பக்கம் வந்தால் காலை வெயிலில் வரப்போரமாக அசையாமல் உட்கார். இறகு கோதும்போது வாலை ஒரு நொடி விரிக்கும், அந்த நேரத்துக்கு விரலை எடுக்காமல் வரிசையாக எடு. கலங்கிய படம், பாதி வெட்டுப்பட்ட படம் எதையும் வீட்டுக்கு வந்து பார்க்கும் முன் அழிக்காதே. அழகான படத்தில் இல்லாத ஓர இறகு அதில் இருக்கும். மண்ணாங்கட்டி எறிந்து கிளப்பிவிட்டுப் படம் பிடிக்கிறவர்களோடு மட்டும் சேராதே, சைபீரியாவிலிருந்து வந்தது இரை தேடட்டும்.

தை மாதம் கோடியக்கரை போகிறோம் என்றாயே, அங்கே உன் கூட்டாளிகள் கரண்டிமூக்கு உள்ளானைத்தான் தேடுவார்கள், தெரியும். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் குஞ்சு பொரிக்கிற பறவை, உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். பக்கவாட்டில் பார்த்தால் அலகு நுனியில் இருக்கிற அந்தக் கரண்டி தெரியாது, கொசு உள்ளான் மாதிரிதான் நிற்கும், நேர் எதிரே வரும்போது பார்க்கணும். அதிலும் கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு ஒட்டினால் கரண்டி மாதிரியே தோன்றும், அதனால் ஒரே படத்தை வைத்துக் குதிக்காதீர்கள், சேறு விழுகிற வரைக்கும் எடுத்துக்கொண்டே இருங்கள். முதல் நாள் முழுக்கக் கொசு உள்ளானையும் வளைமூக்கு உள்ளானையும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பது என் கட்சி; ஆயிரத்தில் ஒன்று வேறாக நின்றால் அப்போதுதான் கண்ணில் உறுத்தும். உப்பளத்துப் பக்கம் வெயில் ஏறிவிட்டால் கானலில் எல்லாம் நெளியும், எவ்வளவு விலை லென்ஸும் உதவாது, விடியும்போதே போங்கள்.

உள்ளானை இப்போதைக்கு 'ஊசிவால் அல்லது ஸ்வின்ஹோ' என்று போடு. அந்த நேரத்தில் எடுத்த மற்ற படங்களையும் அனுப்பு, மோசமானது என்று நீ ஒதுக்கியதைத்தான் கேட்கிறேன்.

அப்பா