ரிசல்ட் கசிந்தால் எங்களுக்கும் சொல்ல வையுங்கள்: செபிக்கு ஒரு திறந்த மடல்

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கைதான். ஒரு கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்டோ (மூன்று மாத லாப நஷ்டக் கணக்கு) டிவிடெண்ட் தொகையோ (பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) அறிவிப்புக்கு முன்பே கசிந்தால், அந்த விசாரணையில் என்ன தெரிந்தது என்பதைப் பங்குதாரர்களுக்கும் சொல்ல வையுங்கள்.

விதிகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் ஆகும்வரை உள்ளே இருப்பவர்கள் சொந்தக் கம்பெனிப் பங்கைத் தொடக்கூடாது. சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் டிவிடெண்ட் கொள்கையை இணையதளத்தில் போட வேண்டும். சரி, ஆனால் அந்தக் கொள்கையை எத்தனை முறை படித்தாலும் இந்த முறை பங்குக்கு எவ்வளவு என்று தெரியாது. அந்த எண் ஃபைனான்ஸ் துறை, ஆடிட்டர், இயக்குநர்கள் என்று சிலருக்கு மட்டும்தான் தெரியும். அவர்களில் ஒருவர் மச்சானுக்கு ஒரு போன் போட்டால் போதும், மகள் கல்லூரிக் கட்டணத்துக்காக முந்தின நாள் பங்கை விற்றவர் ஏமாந்துபோகிறார். அவருக்கு அது கடைசிவரை தெரியவும் தெரியாது.

2017-ல் பெரிய கம்பெனிகளின் ரிசல்ட் எண்கள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. ஆக்சிஸ் வங்கி, எச்டிஎஃப்சி வங்கி இரண்டையும் உள்விசாரணை நடத்தச் சொன்னீர்கள். செய்தியை ஃபார்வர்டு செய்தவர்களுக்கு அபராதமும் போட்டீர்கள். 2021 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அபராதத்தை ரத்து செய்தது, ஏனென்றால் செய்தி கம்பெனிக்குள்ளிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் ஃபார்வர்டு செய்தவர் பெயர்தான் ஊருக்குத் தெரிந்தது, முதலில் எழுதி அனுப்பியவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இதற்கிடையில் 2019 ஏப்ரலிலிருந்து, கசிவு நடந்தால் கம்பெனி விசாரித்து உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அந்த அறிக்கையைப் பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அதில் இல்லையே! கம்பெனியின் பெயர் கெடும் என்பார்கள், ஆனால் நாங்கள் யார் பெயரையும் கேட்கவில்லை. எந்தத் தகவல் கசிந்தது, எப்போது, அப்போது எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள், இவ்வளவுதான். ரகசியத் தகவல் யாருக்குப் போனது என்று பான் எண்ணோடு, நேரத்தோடு பதிந்து வைக்கச் சொல்லி ஏற்கெனவே கட்டாயம் இருப்பதால் இதற்காகப் புதிதாக எதையும் தோண்ட வேண்டியதில்லை.

உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் உங்கள் 2015 விதிகளின் 9ஏ பிரிவில் ஒரு வரி சேருங்கள்: விசாரணை முடிந்ததும் அதன் சுருக்கத்தைக் கம்பெனி ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்