மந்தகாலத்தில் வேலையிழப்பு உதவித்தொகை தானாகவே நீள வேண்டும்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் கழக உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2018 ஜூலையில் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம், வேலையிழந்தவருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 25 விழுக்காட்டை அதிகபட்சம் 90 நாள்களுக்கு வழங்கியது. கொரோனா காலத்தில் அதை 50 விழுக்காடாக உயர்த்தினீர்கள். காத்திருப்புக் காலத்தை 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்தீர்கள். பழைய முதலாளியைத் தேடி அலையாமல் தொழிலாளி நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்றும் அறிவித்தீர்கள். மூன்றும் நல்ல முடிவுகளே. ஆனால் ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச்சில்; முடிவு வந்தது ஆகஸ்டில்.

இடைப்பட்ட மாதங்களில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் வாங்கிய ஒரு லேத் பட்டறைத் தொழிலாளிக்கு 50 விழுக்காடு என்பது 90 நாளுக்கு ஏறத்தாழ 22,500 ரூபாய். ஏப்ரலிலேயே அது கைக்கு வந்திருந்தால், வீட்டு வாடகையாகவும் அரிசி பருப்பாகவும் கேஸ் சிலிண்டராகவும் அந்த மாதமே தெருவுக்குள் இறங்கியிருக்கும். மளிகைக்கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்திருப்பார், அவருக்கு லோடு ஏற்றுபவருக்கும் கூலி கிடைத்திருக்கும். முன்தேதியிட்டுப் பின்னால் வந்த பணமோ, அடகுக்கடை வட்டிக்கும் கைமாற்றுக் கடனுக்குமே போயிற்று. தொழிலாளிக்கு அதுவும் உதவிதான், மறுக்கவில்லை. சரிந்துகொண்டிருந்த சந்தையைத் தாங்கிப்பிடிக்கும் வேளை மட்டும் கடந்துவிட்டது.

உதவி நீண்டால் வேலை தேடும் முனைப்பு குறையும் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் வழக்கமான 26 வார உதவி, 2008 நெருக்கடிக்குப் பின் சில மாநிலங்களில் 99 வாரம் வரை நீண்டது. 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. பொருளியலாளர் ஜெசி ராத்ஸ்டீன் ஆராய்ந்தபோது, அந்த நீட்டிப்பு 2011 தொடக்கத்தில் வேலையின்மை விகிதத்தை உயர்த்தியது 0.1 முதல் 0.5 விழுக்காட்டுப் புள்ளி வரைதான் என்று கண்டார்; அதிலும் குறைந்தது பாதி, மனம் வெறுத்துத் தேடலைக் கைவிட்டிருக்கக்கூடியவர்கள் தொடர்ந்து வேலை தேடியதால் வந்தது. வேறு முடிவுக்கு வந்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனினும், ஆள் எடுக்கும் பட்டறையே இல்லாத மாதத்தில் ஊதியத்தில் பாதியைக் கொடுப்பது ஒருவரைச் சோம்பேறியாக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நாட்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 99 வாரத்தை அல்ல. ஒரு மாநிலத்தில் வேலையின்மை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உதவிக் காலம் தானாகவே நீளும்படி அங்கே 1970-லேயே சட்டம் செய்யப்பட்டது. நமக்கும் அத்தகைய விதி வேண்டும். அதற்கான கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. தொழிலாளிக்காகக் கழகத்துக்குக் கட்டப்படும் ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும் என்பதால், எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சந்தா நின்றது என்பது உங்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிடும்.

எனவே, சந்தா செலுத்தப்படும் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு மாவட்டத்தில் வரையறுத்த அளவுக்குக் கீழே இறங்கினால், தனி அறிவிப்புக்குக் காத்திராமல் அங்கே உதவிக் காலம் 90 நாளிலிருந்து 180 நாளாக நீளவும், எண்ணிக்கை மீண்டதும் பழைய நிலைக்குத் திரும்பவும் விதி செய்யுங்கள். தொழிலாளியின் 0.75 விழுக்காடும் முதலாளியின் 3.25 விழுக்காடும் நல்ல காலத்தில் மாதந்தோறும் உங்களிடம் சேர்கின்றன. அடுத்த மந்தம் வருவதற்கு முன், நிதி இருக்கும் இப்போதே, கழகத்தின் வரும் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா செலுத்தும் காப்பீட்டாளர் ஒருவர்