என் மகளின் படத்தைக் காட்டி நடக்கும் வசூலை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் 9 வயதுச் சிறுமியின் தந்தை
(பெயர், முகவரி தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: என் மகளின் புகைப்படத்தை வைத்துப் பொய்யான மருத்துவச் செலவு காட்டிப் பணம் வசூலிப்போர் மீது வழக்குப் பதியவும், ரவுண்டானாவில் உள்ள விளம்பரத் தட்டியை அகற்றவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தை மாதம் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், சைபர் குற்ற உதவி எண் 1930-லும் சைபர் குற்ற இணையதளத்திலும் பதிந்த புகார், ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்றுக்கும் இன்றுவரை பதில் வரவில்லை. காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள், வழக்குப் பதியவில்லை. நிலையத்தில் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கே எழுத்தில் அனுப்ப குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு இடம் தருகிறது என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். அதன்படி இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. என் மகளுக்கு ஒன்றரை ஆண்டாகச் சென்னையில் சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பதால் மருந்துச் செலவு பெரும்பாலும் அதிலேயே முடிகிறது. புற்றுநோயாளி என்பதால் ரயிலில் படுக்கை வகுப்பில் அவளுக்குக் கட்டணம் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கியிருக்கிறேன், அடைத்து வருகிறேன். ஊரில் யாரிடமும் நான் கை நீட்டவில்லை.

2. சென்ற ஆண்டு அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது, கொடையாளர் வேண்டி ஒரு வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டோம். பள்ளிச் சீருடையில், தலைமுடி கொட்டுவதற்கு முன் எடுத்த படம். அதைத்தான் திருடியிருக்கிறார்கள்.

3. இப்போது அந்தப் படம் தேரடியில் உண்டியல் தகரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. புதன்கிழமைச் சந்தையில் இரண்டு இளைஞர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றும் வருகிறது, அதில் ஒரு பெண் அழும் குரலைப் பதிவு செய்து ஓட விடுகிறார்கள். ரவுண்டானாவில் பெரிய தட்டியே வைத்துவிட்டார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து அது கூப்பிடு தூரம். தாங்கள் தினமும் கடக்கும் வழிதான் ஐயா. ஓரிடத்தில் அவளுக்கு ஆறு வயது, வேறு பெயர். ஓரிடத்தில் ரத்தப் புற்றுநோய், இன்னோரிடத்தில் இரண்டு சிறுநீரகமும் செயலிழப்பு. தட்டியின் ஓரத்தில் மருத்துவமனைக் கடிதம் என்று ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். அதில் ‘ரத்தப் புற்றுநோய்க்கு உடனடி அறுவை சிகிச்சை’ என்று இருக்கிறது. கட்டியை வெட்டுவதுபோல ரத்தப் புற்றுநோயை வெட்டி எடுக்க முடியாது. ஊசியும் மாத்திரையுமாக இரண்டு இரண்டரை ஆண்டு நடக்கும் சிகிச்சை அது. எந்த மருத்துவரிடம் காட்டினாலும் பார்த்த கணத்தில் பொய் என்று சொல்லிவிடுவார்.

4. ஐயா, இதைத்தான் தாங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

மாசி மாதம் ஒரு மாலை ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் போனோம். ரவுண்டானா சிக்னலில் வண்டி நின்றது. என் மகள் நன்றாகப் படிப்பாள். தட்டியில் தன் படத்தைப் பார்த்தாள், எழுத்துக்கூட்டாமல் முழுதும் படித்தாள். ‘12 லட்சம் இல்லையென்றால் இக்குழந்தை இன்னும் 20 நாள்கூட உயிரோடு இருக்காது’ என்று அதில் போட்டிருந்தது. ரயில் ஏறும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. படுக்கையில் படுக்க வைத்தபோது கேட்டாள்: “அப்பா, நம்மிடம் 12 லட்சம் இருக்கிறதா?”

அது வேறு யாரோ எழுதிய பொய் என்று சொன்னேன். “படம் என்னுடையதுதானே” என்றாள். எழும்பூர் வரும்வரை தூங்கவில்லை. அன்றிலிருந்து நாள்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். நாட்காட்டியில் தாள் கிழிப்பதை அவள்தான் செய்வாள், அதை நிறுத்திவிட்டாள். இருபதாம் நாள் இரவு என் மனைவியின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுத்தாள். மறுநாள் காலையில் எழுந்து “நான் இருக்கிறேன்” என்று எங்களிடம் சொன்னாள்.

குணமாகிவருகிறாள் என்று மருத்துவர் சொன்ன பிள்ளை ஐயா. ஊசிக்கு அழாத பிள்ளை. முதுகுத் தண்டில் ஊசி போடும்போதுகூட என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் கிடப்பாள். அவளைச் சாவை எண்ண வைத்துவிட்டார்களே!

அதற்கு அடுத்த வாரம் டவுன் பஸ்ஸில் ஒருவர், “இந்தப் பிள்ளையை வைத்துத்தானே வசூல் நடக்கிறது” என்று சொல்லி அவள் தொப்பியை இழுத்துப் பார்த்தார். முடி உண்மையில் கொட்டியிருக்கிறதா என்று பார்த்தாராம். பஸ் முழுவதும் பார்த்தது. அதன்பிறகு அவள் வாசல்படி தாண்டுவது மருத்துவமனைக்குப் போகும்போது மட்டும்தான்.

5. பங்குனியில் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டணுக்கள் 8,000க்கு இறங்கிவிட்டன. இயல்பாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமிக்க முடியாது, ஆள் வந்து கொடுத்தால்தான் உண்டு. முன்பு கொடுத்தவர்களையே அழைத்தேன். “அது மோசடி என்று குழுவில் வந்ததே” என்றார்கள். பதினோரு பேரை அழைத்த பிறகு ஒருவர் வந்தார். அந்த ஒருவரும் வராமல் போயிருந்தால்?

6. காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட கேள்வி: “உங்களுக்கு இதில் என்ன நஷ்டம்?” தட்டியில் இருந்த க்யூஆர் குறியீட்டுக்கு நானே 10 ரூபாய் அனுப்பி, கணக்கில் தெரிந்த பெயரையும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து வங்கியையும் கணக்கையும் கண்டுபிடிப்பது காவல்துறைக்கு எத்தனை நாள் வேலை? “10 ரூபாய்க்கு வழக்கா?” என்றார்கள். என் 10 ரூபாயை விடுங்கள். தேரடியில் பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒரு நாள் வருமானம் 200 ரூபாயை அந்த உண்டியலில் போட்டிருக்கிறார். என் மனைவியைக் கண்டதும் “பாப்பாவுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதா” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அவர் பணத்துக்குப் புகார் கொடுக்க யார் வருவார்கள்?

7. தட்டியை நானே இரண்டு முறை கிழித்தேன். முதல் முறை, நோயாளிப் பிள்ளையின் படத்தைக் கிழிக்கிறாயே பாவி என்று அங்கிருந்தவர்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். இரண்டு முறையும் மறுநாளே புதிய தட்டி வந்துவிட்டது. அனுமதியில்லாமல் எப்படி வருகிறது? யாருமே பார்க்கவில்லையா? நான்கு மாதமாக அந்தப் படம் அங்கே நிற்கிறது. நான்கு மாதம் ஐயா!

உண்மையிலேயே மருத்துவத்துக்குக் கையேந்துகிறவர்களை விரட்டும்படி நான் கேட்கவில்லை. மருத்துவமனை வராந்தாக்களில் அவர்களோடுதான் நாங்களும் படுத்திருக்கிறோம். காப்பீட்டில் அடங்காத மருந்துக்கு நகையை விற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தப் பொய்யர்களால் இனி அவர்கள் முகத்தையும் ஒருவரும் நம்பப்போவதில்லை.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318, 319 பிரிவுகளிலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவிலும் வழக்குப் பதிய உத்தரவிடும்படி வேண்டுகிறேன். அந்த வங்கிக் கணக்கை முடக்கும்படியும், என் மகளின் படம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அகற்றும்படியும் வேண்டுகிறேன். அவள் இந்த மோசடியில் சேர்ந்தவள் அல்ல என்று காவல்துறையின் பெயரில் ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டால், ரத்தம் கேட்கும்போது காட்டுவதற்கு என் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

இவையெல்லாம் ஆக நாள் பிடிக்கும் என்றால், தட்டியை மட்டுமாவது முதலில் எடுக்கச் சொல்லுங்கள். வரும் வியாழக்கிழமை இரவு ரயிலில் மறுபடியும் சென்னைக்குப் போகிறோம். ரயில் நிலையத்துக்கு ரவுண்டானாவை விட்டால் வேறு வழியில்லை என்பது தாங்கள் அறிந்ததே. போன முறை அவள் கண்களை என் கையால் பொத்திக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன். வியாழக்கிழமைக்குள் எடுக்கச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
சிறுமியின் தந்தை