அந்த வாட்ச் யாருடையது, அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாததால், எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

உங்களைப் பற்றி எனக்கென்று இருப்பது ஒரே ஒரு நினைவுதான். வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் நிற்கிறேன். கையில் கட்டியபடியே வாட்ச்சுக்குச் சாவி கொடுக்கிறீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சின்னத் திருகைப் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுகின்றன. இனி சுற்றாது என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, வாட்ச்சை என் காதோடு சேர்த்து வைக்கிறீர்கள். டிக் டிக். மணிக்கட்டு முடி என் கன்னத்தில் குறுகுறுக்கிறது. அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எனக்கு அப்போது நான்கு வயது. அந்த வருடமே நீங்கள் போய்விட்டீர்கள்.

37 வருடம் ஆகிறது. அம்மாவிடம் இருந்த பழைய முகவரிகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தேன். உங்களோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டம் கூடும் இடங்களில் என் கண் தானாகவே உங்களைத் தேடும். ரொம்ப வருடம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. நான் தேடிக்கொண்டிருந்தது 29 வயது ஆளை. நீங்கள் போனபோது உங்களுக்கு அதுதான் வயது. இப்போது 66 இருக்கும். எத்தனை பெரியவர்களைப் பார்க்காமலே கடந்து வந்தேனோ தெரியவில்லை.

காலப்பயணம் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே உங்களால்தான். ரொனால்ட் மாலெட் என்று ஓர் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். அவருக்கு 10 வயதாக இருக்கும்போது, 1955-ல், அவர் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அப்பாவுக்கு வயது 33தான். அடுத்த வருடம் எச்.ஜி. வெல்ஸின் கால இயந்திரக் கதை படக்கதையாக அந்தப் பையன் கையில் கிடைத்தது. இப்படி ஒன்று செய்து அப்பாவிடம் போய்விடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். அதற்காகவே இயற்பியல் படித்தார். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பல வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கருந்துளை பற்றி ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுழலும் ஒளிக்கற்றை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுக்கும் என்று 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஒளியைக் கொண்டே காலத்தையும் வளைக்கலாம் என்பது அவர் கணக்கு. அதைப் பல இயற்பியலாளர்கள் ஏற்கவில்லை. அவர்கள் ஏற்றாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இயந்திரத்தை முதன்முதலில் இயக்கிய நேரத்துக்கு முன்னால் அதில் போகவே முடியாது. அதாவது 1955-க்குப் போக முடியாது. அதை அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்பது மட்டும் உண்மை. 1971-ல் மிகத் துல்லியமாக நேரம் காட்டும் நான்கு அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டால், கிழக்கே போனபோது அவை 59 நானோ விநாடி பின்தங்கின, மேற்கே போனபோது 273 நானோ விநாடி முந்தின. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் ஒரு நானோ விநாடி. முன்னால் போக இப்படிக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. பின்னால் போகத்தான் இல்லை.

சுவாதி நட்சத்திரத்தைத் தெரியுமா? கொஞ்சம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். சுமார் 37 ஒளியாண்டு தூரம், அதாவது அங்கிருந்து வெளிச்சம் இங்கே வந்துசேர 37 வருடம் ஆகும். இன்றைக்கு அதைப் பார்த்தால் கண்ணில் விழுவது, நீங்கள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம். கிளம்பியது கிளம்பியபடியே வந்து சேருகிறது.

நினைவு அப்படி வருவதில்லை, அப்பா. 2000-ல் கரிம் நாடர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு சத்தத்தைக் கேட்டதும் பயப்பட அவற்றைப் பழக்கினார்கள். பிறகு ஒருநாள் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கவைத்து, உடனே மூளையில் புதிய புரதம் உண்டாகாமல் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். எலிகளுக்கு அந்தப் பயம் போய்விட்டது. சத்தத்தை ஞாபகப்படுத்தாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. ஆக, நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது இளகுகிறது, மறுபடி சேமித்தாக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அது மாறியும் போகலாம். நான் உங்களை எத்தனை ஆயிரம் தடவை வெளியே எடுத்திருப்பேன்! ஒவ்வொரு ராத்திரியும் எடுத்தேன். தொலைந்துவிடக் கூடாது என்றுதான் எடுத்தேன்.

போன மாதம் அம்மாவிடம் முதல்முறையாக இந்த நினைவைச் சொன்னேன். இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம், உங்கள் பேச்சை எடுத்தாலே அவள் முகம் வாடிவிடும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "அவர் வாட்ச் பேட்டரி வாட்ச்சுடா. சாவி கொடுக்கிறது உன் தாத்தாவோட வாட்ச். தாத்தாதான் அந்தப் படியில உட்காருவார்" என்றாள்.

வீட்டில் இருக்கும் ஒரே படத்தை எடுத்துப் பார்த்தேன். உங்கள் கையில் சங்கிலிப் பட்டை போட்ட வாட்ச். என் நினைவில் இருப்பது தோல் பட்டை.

அந்த முகத்தைப் பார்க்க இப்போது முயற்சி செய்கிறேன். வரும் முகம் இந்தப் படத்தில் இருக்கும் முகம்தான், அதே தலைச்சாய்ப்போடு. நானே எடுத்து ஒட்டிவைத்திருக்கிறேன் போல. கையும் சத்தமும் மட்டும் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது யார் கை?

தாத்தா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவரிடம் கேட்க முடியாது. அம்மா அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை. ஏன் போனீர்கள் என்று கேட்கத்தான் இத்தனை வருடம் உங்களைத் தேடினேன். அதை இப்போது கேட்கவில்லை. சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். தாத்தாவின் வாட்ச்சை நீங்கள் எப்போதாவது, ஒருநாளாவது, கட்டியிருக்கிறீர்களா? அதை என் காதில் வைத்தீர்களா?

இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால் உங்களைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே நினைவும் போய்விடும். பரவாயில்லை, நீங்கள் எனக்கு எழுதிய அந்த ஒரு வரி இருக்குமே.

உங்கள் மகன்